பெருங்காய டப்பா

டொராண்டோவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நயாகரா பார்த்தாயா?"

பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு தண்ணீர். சத்தம் போடாத தண்ணீர். 2024 ஆகஸ்டு மாதக் கடைசியில், ஒல்லியான ஓர் ஓடத்தில் ஏறிக்கொண்டு, என் தம்பியும் நானுமாக நான்கு நாள் காட்டு ஏரிகளில் துடுப்புப் போட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது. கரடி இருக்கிற காடு அது. தம்பிக்கும் எனக்கும் மூன்று வருஷமாகச் சரியான பேச்சுவார்த்தையும் இல்லை. இந்த மூன்றில் எது அதிக அபாயம் என்று கேட்டீர்களானால், மூன்றாவதுதான் என்பேன்.

யோசனை தம்பி மனைவியுடையது. "எங்க பையனுக்கு மூணு வயசு. அவனைக் கூட்டிக்கொண்டு நான் வர முடியாது. கனூவிலே ரெண்டு பேருக்குத்தான் சௌகரியம். நீங்க அக்காவும் தம்பியும் போயிட்டு வாங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. ஆனால் மகா கெட்டிக்காரி என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

கனூ என்பது கனடாவின் ஆதிகுடிகள் உலகத்துக்குக் கொடுத்த ஓடம். இரண்டு முனையும் கூராக, நடுவில் அகலமாக இருக்கும். பிர்ச் மரப் பட்டையை உரித்து, தேவதாரு இன மரத்தின் வேரால் தைத்து, மரப்பிசினால் தையலை அடைத்து, செடார் மரச் சட்டம் கொடுத்துக் கட்டினார்கள். ஓர் ஆணி கிடையாது. தண்ணீர் இருக்கிற இடத்தில் மனிதனை அது தூக்கிச் செல்லும். தண்ணீர் இல்லாத இடத்தில் மனிதன் அதைத் தூக்கிச் செல்வான். நியாயமான ஒப்பந்தம் அல்லவா? இப்போது பிர்ச் பட்டைக்குப் பதிலாகக் கெவ்லார் என்ற செயற்கை நார். குண்டு துளைக்காத சட்டைக்கு உபயோகிப்பது. எங்களுடையது பதினாறு அடி நீளம். எடை சுமார் 20 கிலோதான்.

நாங்கள் போன இடம் ஆல்கான்குவின் பூங்கா. பூங்கா என்றவுடன் சிமெண்டு பெஞ்சையும் சுண்டல் பொட்டலத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 1893-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தக் காடு, ஏழாயிரத்து ஐந்நூறு சதுரக் கிலோமீட்டருக்கும் அதிகம். ஏரிக்கு ஏரி, ஓடைக்கு ஓடை தொட்டுக்கொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கனூ வழிகள் இருக்கின்றன. டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் தம்பி வீட்டுக் கூடத்தில் சாமான்களைப் பரப்பினான். நான் எனக்கென்று எடுத்து வைத்திருந்த பருத்திப் புடவை, பருத்திச் சட்டை எல்லாவற்றையும் ஒதுக்கினான்.

"பருத்தி நனைஞ்சா காயாது அக்கா. ராத்திரி பத்து டிகிரிக்குப் போகும். உடம்பிலே இருக்கிற சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். கம்பளி, இல்லாட்டா பாலியெஸ்டர்" என்றான்.

ஆயுள் பூராவும் கைத்தறியின் பெருமையை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாயை மூடிக்கொண்டு அவன் மனைவியின் பாலியெஸ்டர் சராயை மாட்டிக்கொண்டேன்.

உடுப்பில் இரண்டு ஜோடி போதும் என்பது சாஸ்திரம். ஒன்று நனைவதற்கு, ஒன்று நனையாமல் கூடாரத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்வதற்கு. காலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் மறுபடி ஈர ஜோடியைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். "இன்னிக்கு மட்டும்" என்று உலர்ந்ததை மாட்டினால், அன்று சாயங்காலம் இரண்டு ஜோடியுமே ஈரம்! துணி, தூக்கப் பை, எல்லாமே தண்ணீர் புகாத பைகளில் வாயைச் சுருட்டிக் கட்டப்பட்டன. ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை, ஒரு விசில், பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீரை இறைத்துக் கொட்ட ஒரு குவளை. இவை அந்த நாட்டுச் சட்டப்படி ஓடத்தில் இருந்தே தீரவேண்டும். ஓடம் வாடகைக்குக் கொடுக்கிற கடையிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது சமையல். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் காட்டுக்குள் தகர டப்பா உணவு, கண்ணாடிப் புட்டி இரண்டும் கொண்டு போகக் கூடாது. எடையும் குறைவாக இருக்கவேண்டும், கெடவும் கூடாது. வெள்ளைக்காரர்கள் உலர வைத்த மாமிசக் குழம்பைப் பையிலே அடைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அந்தக் காலத்தில் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்த ஓடக்காரர்கள், உலர்ந்த பட்டாணியையும் சோளத்தையும் கொழுப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டார்களாம். எருமை மாமிசத்தைக் காயவைத்து இடித்து, கொழுப்பு ஊற்றிக் கட்டிவைத்த பெமிக்கன் என்ற பண்டமும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் கெடாத உணவு விஷயத்தில் நம் பாட்டிமார்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம்.

ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, உலர்ந்த கறிவேப்பிலை தாளித்து, உப்புச் சேர்த்துப் பையில் போட்டேன். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர் ஊற்றி மூடினால் பத்து நிமிஷத்தில் உப்புமா. கெட்டி அவல் ஒரு கிலோ, அடுப்பே வேண்டாம். நல்லெண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். மணத்தக்காளி வற்றல், பருப்புப் பொடி. துவரம்பருப்புக்குப் பதில் மைசூர்ப் பருப்பு. குக்கர் இல்லாமலே கால் மணியில் குழைந்துவிடும். முதல் நாளைக்கு மட்டும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். ஒவ்வொரு வேளைக்கும் தனித் தனிப் பை. மேலே "இரண்டாம் நாள் இரவு" என்று எழுதி ஒட்டியாயிற்று. இல்லாவிட்டால் முதல் நாளே நல்லதை எல்லாம் தின்றுவிட்டு, கடைசி நாள் அவலைப் பார்த்து அழ நேரும். கூடவே, ஒரு நாளைக்கு அதிகப்படி உணவு. "காத்து எழும்பிச்சுன்னா ஏரியைக் கடக்க முடியாது. கரையிலே உட்கார வேண்டியதுதான்" என்றான் தம்பி.

எல்லாம் முடிந்த பிறகு, என் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துச் சாமான்களோடு வைத்தேன். அம்மாவின் பெருங்காய டப்பா.

தம்பி அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதுக்குக் கரடி வருமே அக்கா" என்றான்.

"வரட்டும். பருப்பு பெருங்காயமில்லாமல் நான் செய்யமாட்டேன்" என்றேன்.

அம்மா 2021 மே மாதம் காலமானாள். இருதய நோய். ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல் ஊர் தவித்த மாதம் அது. வீட்டிலேயே, என் கையிலேயே போனாள். தம்பி வரவில்லை. அந்த ஏப்ரல் 22-ஆம் தேதியிலிருந்து இந்தியாவிலிருந்து வரும் விமானங்களைக் கனடா நிறுத்திவிட்டது, செப்டம்பரில்தான் திறந்தார்கள். இது எனக்கும் தெரியும். செய்திப் பத்திரிகையில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லாம் முடிந்த அன்று, "பணம் அனுப்பியிருக்கேன் அக்கா" என்று அவன் போனில் சொன்னபோது, "பணம் அனுப்ப பாங்கி போதுமடா, பிள்ளை எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான்.

புறப்பட்ட இடத்தின் பெயரே கனூ ஏரி. 1917 ஜூலையில், டாம் தாம்ஸன் என்ற பெரிய ஓவியர் தம் முப்பத்தொன்பதாவது வயதில் இறந்துபோனது இந்த ஏரியில்தான். கனூவில் கை தேர்ந்தவர். எப்படி இறந்தார் என்று இன்றுவரை தர்க்கம் செய்கிறார்கள். இந்தக் கதையைத் தம்பி நான் ஓடத்தில் கால் வைக்கிற சமயம் பார்த்தா சொல்லவேண்டும்!

ஓடத்தில் ஏறும்போது நிமிர்ந்து நிற்கக் கூடாது. குனிந்து இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டிலேயே காலை வைத்துப் போய் உட்காரவேண்டும். மூட்டைகள் நடுவில், தாழ்வாக. முன் பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள். பின் பக்கத்தை அமரம் என்பார்கள். அணியத்தில் இருக்கிறவர் தாளம் போடுகிறவர்; அமரத்தில் இருக்கிறவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போட்டு, வலித்த வலிப்பின் முடிவில் துடுப்பை வெளிப் பக்கமாக லேசாகத் திருப்பி, ஓடத்தை நேராக்குவார். இல்லாவிட்டால் ஓடம் வட்டமடிக்கும். நான் அணியத்தில். தம்பி அமரத்தில். கைகளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி வலிக்கவேண்டும் என்று தெரியாமல், அரை மணியில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையில் நிலம் வந்தால், மஞ்சள் பலகை ஒன்று மரத்தில் இருக்கும். அங்கே இறங்கிச் சாமானோடு நடக்கவேண்டும். போர்ட்டேஜ் என்று பெயர். எங்களுடையது முந்நூறு மீட்டர்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாமல் இரண்டு நடை போனால், முந்நூறு மீட்டரை மூன்று தடவை நடக்கவேண்டும்! ஆகவே சாமான் குறையக் குறையத்தான் வழி குறையும். தம்பி ஓடத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். அதன் குறுக்குக் கட்டை இரண்டு தோளிலும் உட்காருகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு அர்த்தம் நுகத்தடி. உணவுப் பீப்பாயை முதுகில் மாட்டி, அதன் பட்டையை உச்சந்தலையில் கொடுத்து நான் நடந்தேன். சும்மாடு கட்டிக் குடம் சுமக்கிற ஊர்க்காரிக்கு இது புதிதா என்ன?

அன்று ஜோ ஏரிக் கரையில் கூடாரம். மதியம் கொஞ்சம் அசந்தேன். விழித்துப் பார்த்தால், என் கைப்பையில் ஒரு பொத்தல். உள்ளே மறைத்து வைத்திருந்த முறுக்கில் பாதியைக் காணோம்! திருடன் எதிரே பாறைமேல் உட்கார்ந்து கன்னம் புடைக்கத் தின்றுகொண்டிருந்தான். முதுகில் கோடு போட்ட சிறு அணில், சிப்மங்க் என்பார்கள். இராமர் இவ்வளவு தூரம் வந்து தடவிக் கொடுத்தாரா என்று ஆச்சரியப்பட்டேன்.

"பார்த்தாயா? கரடி இல்லை, இதுதான் முதல் விரோதி. தின்கிற பொருள் ஒரு துளிகூடக் கூடாரத்திலே இருக்கக் கூடாது" என்றான் தம்பி.

ஏரித் தண்ணீரைக் கண்ணாடிபோல் இருக்கிறதே என்று அள்ளிக் குடித்துவிடாதீர்கள். நீர்நாய், பீவர் முதலிய பிராணிகளின் புண்ணியத்தில் வயிற்றைக் கலக்கும் கிருமி உண்டு. ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவேண்டும், அல்லது வடிகட்டியில் வடிக்கவேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் ஏரியில் கொட்டக்கூடாது. எழுபது தப்படி காட்டுக்குள் போய்க் கொட்டவேண்டும்.

இருட்டுவதற்கு முன் பருப்பு வேகவைத்தேன். உதிர்ந்து கிடந்த பிர்ச் பட்டை ஈரமாயிருந்தாலும் பற்றிக்கொண்டது. கொஞ்சம் நெய்யைக் காயவைத்து, கடுகு, மிளகாய், கடைசியில் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பெருங்காயம். அந்த மணம் பைன் மரங்களுக்கு நடுவே எழும்பியதும், கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த தம்பி கையை நிறுத்திவிட்டான். முதுகைத் திருப்பியபடியே கொஞ்ச நேரம் நின்றான். நானும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பிறகு, மீதி உணவு, பற்பசை, சோப்பு, எல்லாவற்றையும் பீப்பாய்க்குள் வைத்துப் பூட்டினோம். கயிற்றில் கல்லைக் கட்டி உயரமான கிளைக்கு மேல் வீசி, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அதைத் தொங்கவிடவேண்டும். கரடிக்கு மரமேறத் தெரியும். அந்தரத்தில் நடக்கத் தெரியாது. டப்பாவை நான் எடுத்து நீட்டினேன். தம்பி அதை இரண்டு மூன்று பைகளில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி உள்ளே வைத்தான்.

நள்ளிரவில் ஒரு குரல் கேட்டு நடுங்கிப்போனேன். யாரோ ஸ்திரீ தூரத்தில் அழுவதுபோல இருந்தது.

"லூன் பறவை அக்கா. இந்த ஊர் ஒரு டாலர் காசிலே இருக்குமே, அது. தூங்கு" என்றான் தம்பி. அவனும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் அதிகாலையில் புறப்பட்டோம். காற்று விடியற்காலையில் அடங்கியிருக்கும், மதியத்தில்தான் எழும்பும். ஆகையால் பெரிய தண்ணீரைக் காலையில் கடந்துவிட வேண்டும் என்பது ஓடக்காரர்களின் முதல் விதி. தண்ணீர்மேல் பனிப்படலம். துடுப்பின் சொட்டுச் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. ஓடத்தில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஓடம் ஆடும்.

"அக்கா" என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அன்னிக்கு நான் பதில் சொல்லலை. டிக்கெட் கிடைக்காமல் இல்லை. சுற்றி வந்திருக்கலாம். வந்தால் எப்போ திரும்பமுடியும்னு யாருக்கும் தெரியாது. இங்கே இவளுக்கு ஒன்பதாம் மாசம். கூட ஒருத்தரும் இல்லை. கணக்குப் போட்டேன். இருந்துட்டேன். அந்தக் கணக்கு சரியா, தப்பான்னு இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துடுப்பை நிறுத்தினால் ஓடம் திரும்பிவிடும். வலித்துக்கொண்டே இருந்தேன். அவனும் வலித்துக்கொண்டே இருந்தான். அன்று முழுவதும் ஓடம் நேராகப் போயிற்று.

நான்காம் நாள் திரும்பும்போது கனூ ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. நேர் எதிரே தெற்கிலிருந்து அலை அலையாக வந்து அணியத்தில் அறைந்தது. என் மடியில் தண்ணீர்.

"முட்டி போடு அக்கா! உட்காராதே! வலிக்கிறதை நிறுத்தாதே!" என்று கத்தினான் தம்பி.

இருக்கையை விட்டு இறங்கி மண்டியிட்டால் உடம்பின் பாரம் தாழ்ந்து ஓடம் நிலைக்கிறது. அலைக்குப் பக்கவாட்டைக் காட்டாமல், சற்றே சாய்வாக முகத்தைக் கொடுத்து ஏறவேண்டும். பயத்தில் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் கை போகிறது. பிடிக்கக் கூடாது, துடுப்புத் தண்ணீரில் இருக்கிறவரைக்கும் அதுவே ஊன்றுகோல். கவிழ்ந்தாலும் ஓடத்தை விட்டு நீந்தக் கூடாது, அதைப் பற்றிக்கொண்டே மிதக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வலித்தேன். ஒரு முனையின் மறைவுக்குப் போய்க் கரையேறியபோது என் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

காற்று தணிகிறவரை அங்கேயே இருந்தோம். நாலைந்து மணி நேரம். அதிகப்படி அவல் அப்போதுதான் கைகொடுத்தது. அவலை நனைத்துப் புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து, அவன் கையில் உருட்டிப் போட்டேன், சிறு வயதில் அம்மா போடுவது போல.

அப்போது சொன்னேன், மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை.

"கடைசி ராத்திரி அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. 'அவன் வந்துட்டானா?'ன்னு கேட்டாள். 'வந்துட்டான் அம்மா, பக்கத்து ரூமிலே தூங்கறான்'னு சொன்னேன். 'எழுப்பாதே, களைச்சு வந்திருப்பான்'னாள். அப்புறம் கேட்கலை. உனக்காக நான் பொய் சொல்லும்படி ஆச்சேன்னுதான் எனக்குக் கோபம்டா. வேறே ஒண்ணுமில்லை."

தம்பி அவல் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தான். பிறகு, முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணக்கு சரியா, தப்பா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை இனி அவன் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் காற்று விழுந்தது. ஏரி மறுபடியும் ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. கடையில் ஓடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

நேயர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு வந்தால், ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் ஆரம்பம் நல்ல பருவம். மே, ஜூனில் கடிக்கிற கறுப்பு ஈக்கள் அப்போது இருக்கமாட்டா. இரவுத் தங்கலுக்கு ஐந்து மாதம் முன்பே இடம் பதிவு செய்ய ஆரம்பிக்கிறார்கள். கூட யாரை அழைத்துப்போவது என்பதை மட்டும் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தால் ரொம்ப விசேஷம்.

டொராண்டோ போய்ச் சேர்ந்ததும் தம்பி மனைவி எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கரடி வந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரவில்லை" என்றோம் இருவரும் ஒரே சமயத்தில்.

பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பாவில் வாசனை போகாது என்பார்கள். ஊர் திரும்பும்போது அந்த டப்பாவைத் தம்பி வீட்டுச் சமையல் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். நான் புறப்படுகிற அன்று என் மருமகன் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான். ஒரு தும்மல் போட்டான் பாருங்கள்! "அத்தை, இது என்ன?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "பாட்டியுடையதுடா, கண்ணா."